வழக்கு திரும்ப வருகிறதா, ஆள் திரும்ப வருகிறாரா? தொல்லை வழக்குகளை நிறுத்தும் வழிகள்: ஓர் ஒப்பீடு

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி பலரிடமிருந்து வருகிறது. ஊர் வேறு, ஆள் வேறு, கதை மட்டும் ஒன்று. கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதையில் ஆரம்பித்த தகராறு. பங்காளி முன்சீப் கோர்ட்டில் வழக்கு போட்டுத் தோற்கிறார். சப் கோர்ட்டில் அப்பீல், அதுவும் தோல்வி. இரண்டாம் மேல்முறையீடு தள்ளுபடி. அப்பாடா என்று உட்கார்ந்தால், அடுத்த வருடம் அவர் மனைவி பெயரில் புது வழக்கு. அது முடிவதற்குள் மகன் பெயரில் இன்னொன்று. நடுவில் போலீஸ் புகார், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் தனிப்புகார். கேட்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடமும் ஒன்றுதான்: "இந்த ஆள் இனிமேல் கோர்ட் படியே ஏறக்கூடாதுன்னு ஒரு ஆர்டர் வாங்க முடியாதா சார்?"

அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1949லிருந்தே இருக்கிறது. ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அது பொருந்தாது. பொருந்துகிற சிலருக்கும் அதை முதல் நாளே கேட்டால் கிடைக்காது. அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய சின்னச் சின்ன வழிகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு நேராகப் பெரிய கதவைத் தட்டுவதால்தான் பணமும் வருடமும் போகின்றன.

எதையும் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வருவது ஒரே வழக்கா, ஒரே ஆளா? அதே பாதை, அதே சர்வே எண், அதே கோரிக்கை வேறு பெயரில் வந்தால் உங்கள் பிரச்சினை வழக்கு. இன்று பாதை, நாளை வாடகை, மறுநாள் உங்கள் வக்கீல் மீது, அப்புறம் தாசில்தார் மீது என்று போனால் பிரச்சினை ஆள். இரண்டுக்கும் மருந்து வேறு.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். மனுவை நீங்களே போடலாமா, வேறு யாராவது மனது வைக்க வேண்டுமா? கிடைக்கும் உத்தரவு இந்த வழக்கை நிறுத்துமா, அடுத்த வழக்கையும் நிறுத்துமா, ஆளையே நிறுத்துமா? எவ்வளவு காலம் பிடிக்கும்? ஃபீஸ் தவிர வேறு என்ன செலவு? கடைசியாக, பலர் யோசிக்காத ஒன்று: அந்த மனுவில் நீங்கள் தோற்றால் இருந்த இடத்திலேயே நிற்பீர்களா, பின்னால் போய்விடுவீர்களா?

நான்காவதைப் பற்றி ஒரு வார்த்தை. சொத்து வழக்கில் எதிராளி ஜெயிக்க வேண்டியதே இல்லை. வழக்கு நிலுவையில் இருந்தாலே போதும். சொத்து மாற்றச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது இடத்தை வாங்குகிறவர் அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். அதனால் விவரம் தெரிந்தவர் யாரும் வாங்க மாட்டார். வங்கி வக்கீல் லீகல் ஒப்பீனியன் தர மாட்டார். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த இடம் அப்படியே கிடக்கும். பல தொல்லை வழக்குகளின் நோக்கமே இதுதான். ஆகவே "எத்தனை நாளில்" என்பதும் பணக்கணக்குதான்.

## கேவியட்

இருப்பதிலேயே மலிவு. அடுத்த வழக்கு வரப்போகிறது என்று வாடை அடித்தவுடன், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவில் நீங்களே போட்டுவைக்கலாம். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடையாணை தர முடியாதபடி இது பார்த்துக்கொள்ளும். எதிராளிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நகல் அனுப்ப வேண்டும்.

ஆயுள் 90 நாள். அதற்குப் பிறகு புதிதாகப் போட வேண்டும். வழக்கு எந்தக் கோர்ட்டில் வரலாம் என்று தெரியாவிட்டால் இரண்டு மூன்று கோர்ட்டில் போட வேண்டும். வழக்கு மச்சான் பெயரில் வந்து, கேவியட் பங்காளி பெயருக்கு மட்டும் இருந்தால் கைகொடுப்பது சந்தேகம். நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்று தபால் மூலம் நீங்களே அவருக்குச் சொன்ன மாதிரியும் ஆகிவிடும். சிலருக்கு அதுவே உற்சாகம்.

கேவியட் வழக்கை நிறுத்தாது. ஆனால் தொல்லை வழக்கின் பல் பெரும்பாலும் அந்த முதல் வாரத் தடையாணையில்தான் இருக்கிறது. பல்லைப் பிடுங்கிவிட்டால் பாதி வழக்குக்காரர்களுக்கு ஆர்வம் போய்விடும்.

## ஆர்டர் 7 ரூல் 11: பிராதையே நிராகரிக்கச் சொல்வது

கோர்ட் வராந்தாவில் "செவன் லெவன்" என்று காதில் விழுந்தால் அது இதுதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ள விதி. வழக்குமூலம் (வழக்கு போடுவதற்கான சட்டக் காரணம்) இல்லை, காலவரம்பு கடந்துவிட்டது, வேறு சட்டம் தடுக்கிறது, மதிப்பைக் குறைத்துக் காட்டி கோர்ட் கட்டணத்தைச் சரியாகக் கட்டவில்லை என்பது போன்ற காரணங்களைக் காட்டி, விசாரணைக்கே போகாமல் பிராதை, அதாவது வாதியின் வழக்குரையை, தூக்கி எறியச் சொல்லலாம். எந்தக் கட்டத்திலும் போடலாம் என்றாலும், சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு போட்டால் நீதிபதியின் முகம் சுளிக்கும்.

இதன் அஸ்திவாரமாக எல்லோரும் காட்டுவது 1977ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, (1977) 4 எஸ்.சி.சி. 467. பெங்களூரில் வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஒரு வாடகைதாரர் தரப்பு, தோற்றுத் தோற்றும் புதுப்புது வழக்காகப் போட்ட கதை. சாமர்த்தியமாக எழுதி வழக்குமூலம் இருப்பது போல ஒரு மாயத்தோற்றம் காட்டினால், முதல் வாய்தாவிலேயே வாதியைக் கூப்பிட்டுக் குடைந்து கேட்டு, முளையிலேயே கிள்ளு என்று கீழ்நீதிமன்றங்களுக்கு அதில் சொன்னார். அப்படிக் கூப்பிட்டுக் கேட்பதற்கு ஆர்டர் 10 இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது வேறு விஷயம்.

முக்கியமான சிக்கலுக்கு வருவோம். ரூல் 11 மனுவில் கோர்ட் பார்ப்பது வாதியின் பிராதையும், அவர் அதோடு சேர்த்த ஆவணங்களையும்தான். உங்கள் பதிலுரையில் என்ன இருந்தாலும் அப்போது எடுபடாது. "இதே வழக்கில் ஏற்கெனவே தோற்றவர்" என்று நீங்கள் கத்தலாம். பழைய வழக்கைப் பற்றி அவர் பிராதில் ஒரு வரிகூட எழுதாவிட்டால் உங்கள் வாதத்துக்குப் பிடிமானம் இல்லை. முன்பே தீர்ப்பானதை மறுபடி கிளறக்கூடாது என்ற முன்தீர்ப்புத் தடையை முடிவு செய்யப் பழைய வழக்கின் பிராது, எழுவினாக்கள் (கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்விகள்), தீர்ப்பு எல்லாம் பார்க்க வேண்டியிருப்பதால், சாதாரணமாக அதை ரூல் 11ல் தீர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கெட்டிக்கார வாதி பழைய வழக்கை மறைப்பதும் இதனால்தான்.

பிராதில் பாதியை வைத்துக்கொண்டு பாதியை நிராகரிக்கவும் வழியில்லை. ஒரு கோரிக்கை பிழைத்தால் முழு வழக்கும் பிழைக்கும்.

ஜெயித்தால் என்ன ஆகும்? நிராகரித்த உத்தரவு டிக்ரி போலவே கருதப்படும்; அவர் அப்பீல் போகலாம். அதைவிட எரிச்சலானது, அதே ஆர்டரின் 13ஆம் விதிப்படி குறையைச் சரிசெய்துகொண்டு அதே வழக்குமூலத்தில் புதுப் பிராது போடவும் அவருக்கு உரிமை உண்டு. காலவரம்பு கடந்தது என்ற காரணத்தில் ஜெயித்தால் அந்தப் பயம் குறைவு. கோர்ட் கட்டணக் குறை என்ற காரணத்தில் ஜெயித்தால், அடுத்த மாதம் திரும்பி வருவார். தோற்றால் நீங்கள் உயர் நீதிமன்றத்துக்கு சீராய்வு போக வேண்டும், சி.ஆர்.பி. அது தொங்கும் காலத்தில் கீழே வழக்கும் பெரும்பாலும் நகராது. அவருக்கு வேண்டியதே அது!

பிராதைப் படித்தவுடனேயே ஓட்டை பளிச்சென்று தெரிந்தால் இதைப் போடுங்கள். ஓட்டையைக் காட்ட நீங்கள் ஒரு கட்டு ஆவணம் எடுத்துவைக்க வேண்டியிருந்தால், வேறு வழி பாருங்கள்.

## முன்தீர்ப்புத் தடையை முதற்கட்ட எழுவினா ஆக்குவது

"ரெஸ் ஜுடிகேட்டா" என்று சொன்னால் மரத்தடியில் டீ குடிப்பவருக்கும் தெரியும். முன்தீர்ப்புத் தடை என்பது அதுதான், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. ஒரே தரப்பினருக்குள், ஒரே பிரச்சினையை, அதிகாரமுள்ள நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்துவிட்டால் மறுபடி கிளறக்கூடாது. மனைவி, மகன் பெயரில் வந்தாலும், அவர்கள் உரிமை கோருவது *அவர் வழியாக* என்றால் தடை அவர்களுக்கும் பொருந்தும். மனைவி தனக்குத் தனியாக ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது என்று வந்தால் பொருந்தாது.

பழைய வழக்குகளின் பிராது, தீர்ப்பு, டிக்ரி மூன்றுக்கும் சான்றிட்ட நகல் எடுத்துக்கொண்டு, பதிலுரையிலேயே எதிர்ப்பை எழுதி, ஆர்டர் 14 ரூல் 2ன் கீழ் இதை முதலில் முடிவு செய்யுங்கள் என்று கேட்கலாம். ரூல் 11ஐவிட மெதுவான வழி. ஆனால் ஜெயித்தால் பலமான ஜெயிப்பு. புதுப் பிராது என்ற பின்வாசல் கிடையாது.

இங்கே பலரும் சறுக்கும் ஒரு இடம். முந்தைய வழக்கு *எப்படி* முடிந்தது என்பதுதான் எல்லாம். வாதி வரவில்லை, பிரதிவாதி வந்திருந்தார், வழக்கு தள்ளுபடி என்றால் ஆர்டர் 9 ரூல் 9 அதே வழக்குமூலத்தில் புது வழக்கைத் தடுக்கும். இருவருமே வரவில்லை, தள்ளுபடி என்றால் அவர் தாராளமாகப் புது வழக்கு போடலாம். "அவனே வரலை, நான் எதுக்கு லீவு போட்டு வரணும்" என்று வக்கீலையும் அனுப்பாமல் வீட்டில் இருந்தவர்கள், எதிராளிக்கு அடுத்த வழக்கைப் பரிசாகக் கொடுத்தவர்கள்.

எல்லா வழக்கும் இந்த வலையில் சிக்காது. பாகப்பிரிவினை கோரும் உரிமை, சொத்து பொதுவில் இருக்கும்வரை உயிரோடுதான் இருக்கும். வராததால் தள்ளுபடியான பாக வழக்கு மறுபடி வருவதைத் தடுப்பது கடினம். உறுத்துக்கட்டளை, அதாவது தடையாணை கோரும் வழக்கும் அப்படித்தான். "போன வாரம் புதிதாக வந்து இடைஞ்சல் செய்தார்" என்று ஒரு தேதியைப் போட்டால் புது வழக்குமூலம் மாதிரி தோன்றும். அதே உரிமைப் பிரச்சினை முன்பே தீர்ந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

## உயர் நீதிமன்றம்: 227ஆம் பிரிவு

அரசியலமைப்பின் 227ஆம் பிரிவில் கீழ்நீதிமன்றங்களைக் கண்காணிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கும் பிராதை அடித்துவிடுங்கள் என்று நேராகச் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போவது நம் மாநிலத்தில் வெகுநாள் பழக்கம். முடிந்த தகராறை மறுபடி நீதிமன்றத்துக்கு இழுப்பதே நீதிமன்ற நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்வது, ரெஸ் ஜுடிகேட்டாவின் வரம்புக்குள் சரியாக உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும், என்று உச்ச நீதிமன்றம் 1998ல் சொன்னது இந்த மனுக்களுக்குத் தெம்பு கொடுத்தது.

இப்போது அந்தக் காற்று மாறிவிட்டது. நடைமுறைச் சட்டத்திலேயே வழி இருக்கும்போது 227ஐத் தொடாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2019ல் நம் மாநில வழக்கு ஒன்றில் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 227ல் பிராதை நிராகரித்த உத்தரவு ஒன்றை 2025ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, ரூல் 11 இருக்க இந்தக் குறுக்குவழி எதற்கு என்று கேட்டது. ஆகவே பத்து வருடத்துக்கு முன் சித்தப்பாவுக்கு இப்படி ஆறே மாதத்தில் முடிந்தது என்று யாராவது சொன்னால், அந்தத் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு அதிகம்: இன்னொரு வக்கீல், இன்னொரு ஊர், டைப் செட் (தட்டச்சு செய்த ஆவணக் கட்டு). தோற்றால் "ரூல் 11 போய்ப் போடு" என்று சொல்லி அனுப்புவார்கள். மாதங்கள் போனது போனதுதான். உச்ச நீதிமன்றம் வரை ஊர்ஜிதமான டிக்ரியை நிறைவேற்றவிடாமல் வழக்குக்கு மேல் வழக்காக வரும் அப்பட்டமான மோசடிக்கு மட்டும் இதை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

## பணத்தால் அடிப்பது

"நஷ்ட ஈடு கேட்டு அவனை ஓட ஓட விரட்டணும்" என்பவர்களுக்கு முதலில் ஒரு எண்: 3,000. ரூபாய்தான். பொய் வழக்கு, தொல்லை வழக்கு என்று தெரிந்தே போட்டவருக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவில் விதிக்கக்கூடிய ஈட்டுச் செலவுத்தொகையின் உச்சவரம்பு அது. 1976 திருத்தத்தில் 1,000லிருந்து ஏறியது, அங்கேயே நின்றுவிட்டது. இதைக் குறைந்தது ஒரு லட்சமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2011ல் யோசனை சொன்னது, நடக்கவில்லை. வணிகத் தகராறுகளுக்கு மட்டும் 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் இந்த வரம்பை எடுத்துவிட்டது. வண்டிப்பாதை வணிகத் தகராறு ஆகாது.

அப்படியானால் 35ஏ வீணா? இல்லை. அதன் மதிப்பு பணத்தில் இல்லை. "இந்த வழக்கு தொல்லை வழக்கு" என்று ஒரு நீதிபதி காரணம் எழுதி உத்தரவு போட்டிருக்கிறார் என்பது, பின்னால் பெரிய வழிக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்கும் சிறந்த காகிதம். பதிலுரையிலேயே அந்த ஆட்சேபத்தை எழுதுங்கள். எழுதாதவருக்கு இது கிடைக்காது. பாதிப் பதிலுரைகளில் அந்தப் பத்தியே இருப்பதில்லை.

இன்னொன்று 95ஆம் பிரிவு. போதிய காரணம் இல்லாமல் தற்காலிகத் தடையாணை வாங்கி உங்களை முடக்கியிருந்தால், 50,000 ரூபாய் வரை ஈடு கேட்கலாம். தனி வழக்கு வேண்டாம், அதே கோர்ட்டில் மனு போதும். 3,000 ரூபாயைப் பற்றிப் புலம்புகிற எத்தனையோ பேர் இதைக் கேட்டே பார்த்ததில்லை. இந்த மனுவில் உத்தரவு வாங்கிவிட்டால், அதே தடையாணைக்காகத் தனியாக நஷ்ட ஈட்டு வழக்கு போட முடியாது என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

ரிட் மனு, பொதுநல மனு என்று வந்தால் வரம்பே கிடையாது. 2017ல் உச்ச நீதிமன்றம், 64 மனுக்கள் போட்டு ஒன்றிலும் ஜெயிக்காத ராஜஸ்தான் அறக்கட்டளை ஒன்றுக்கு 25 லட்சம் ரூபாய் விதித்து, இனிமேல் பொதுநல மனு போடக்கூடாது என்றும் சொன்னது. வசூல்? 2021ல் அதே பணத்தைக் கட்டாமல் நீதிமன்றத்தையே தூற்றியதற்காக அதன் தலைவர் மீது நீதிமன்ற அவமதிப்பில் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அங்கேயே இப்படி என்றால், உங்கள் ஊர் முன்சீப் கோர்ட் விதித்த செலவுத்தொகையை வசூலிக்க நீங்கள் நிறைவேற்று மனு போட்டு அலைவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

## 1949ஆம் ஆண்டுச் சட்டம்: ஆளையே நிறுத்துவது

இதன் தாத்தா இங்கிலாந்தில் இருக்கிறது. 1890களில் லண்டனில் ஒரு வழக்கறிஞர் வேல்ஸ் இளவரசர், கேன்டர்பரி பேராயர் என்று ஒருவரையும் விடாமல் வழக்கு போட, 1896ல் இதற்கென்றே அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். சென்னை மாகாணம் 1949ல் தனக்கென ஒன்று இயற்றியது, அந்த ஆண்டின் 8ஆவது சட்டம். மகாராஷ்டிரா 1971லும், மத்தியப் பிரதேசம் 2015லும்தான் இந்தப் பக்கம் வந்தன. நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2005ல் தன் 192ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

சட்டம் ரொம்பச் சின்னது, ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். ஒருவர் வழக்கமாக, நியாயமான காரணமின்றி, சிவிலோ கிரிமினலோ தொல்லை நடவடிக்கைகள் தொடுக்கிறார் என்று உயர் நீதிமன்றம் திருப்தி அடைந்தால், அவரையும் கேட்டுவிட்டு, அனுமதியின்றி அவர் எங்கும் வழக்கு தொடுக்கக்கூடாது என்று உத்தரவிடலாம். சென்னை நகரத்தில் என்றால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி, மற்ற ஊர்களில் மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதியின் அனுமதி. முதல் பார்வையிலேயே முகாந்திரம் தெரிந்தால்தான் அனுமதி. அனுமதி இல்லாமல் போட்டால் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். உத்தரவு அரசிதழில் வெளியாகும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் என்றால் உயர் நீதிமன்றமே அவருக்கு வக்கீல் ஏற்பாடு செய்யலாம். எவ்வளவு கனமான உத்தரவு என்று இதிலேயே தெரியும்.

நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை இது பறிக்கிறதே என்ற கேள்வி 1965ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சட்டம் செல்லும் என்றது: கதவைச் சாத்தவில்லை, வாசலில் ஒரு காவல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வழக்கிலேயே இதன் எல்லையும் தெரிந்தது. சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்த ஆந்திரப் பகுதிக்கு இந்தச் சட்டம் பொருந்தும், தெலங்கானாப் பகுதிக்கு நீட்டிக்கப்படவில்லை, எனவே அங்கே தடை செல்லாது என்றார்கள். உங்கள் எதிராளி பெங்களூரில் வழக்கு போட்டால் சென்னை உத்தரவு பின்னாலேயே ஓடாது.

சாவி யாரிடம் என்பதுதான் பெரிய தடை. இந்த மனுவை அரசு தலைமை வழக்கறிஞர்தான் போட முடியும். நீங்கள் அவருக்கு எழுதலாம், விவரம் கொடுக்கலாம், காத்திருக்கலாம். ஒரு தெருத் தகராறுக்காக மாநிலத்தின் முதல் வக்கீல் உயர் நீதிமன்றத்தில் எழுந்து நிற்க வேண்டுமானால், அது உங்கள் இருவர் தகராறைத் தாண்டியிருக்க வேண்டும்: பல பேர், பல கோர்ட், நீதிபதிகள் மீதும் புகார். இங்கிலாந்தில் இன்று மூன்று படிநிலையில் கட்டுப்பாட்டு உத்தரவுகள் இருக்கின்றன, பாதிக்கப்பட்ட தரப்பே கேட்டு வாங்கலாம். சிங்கப்பூரும் 2018 திருத்தத்தில் அதே பாதைக்கு வந்துவிட்டது. நம் சட்டம் 1949லேயே நிற்கிறது. இந்த ஒரு திருத்தம் வந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

"வழக்கமாக" என்றால் எத்தனை வழக்கு? சட்டம் எண் சொல்லவில்லை. தோற்ற எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொன்றும் நியாயமான காரணமற்றது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் மேலே சொன்ன ரூல் 11 உத்தரவு, 35ஏ குறிப்பு எல்லாம்.

கிடைத்தாலும் ஓட்டைகள் உண்டு. உத்தரவு அவர் புதிதாகத் *தொடுப்பதை* நிறுத்தும். ஏற்கெனவே நடக்கும் வழக்கு நடக்கும். மச்சான் பெயரில் வந்தால் மறுபடி முதலிலிருந்து. கலெக்டர் மனு, முதலமைச்சர் தனிப்பிரிவு, ஆர்.டி.ஐ. எதுவும் இதில் அடங்காது.

கிரிமினல் புகார்தான் உங்கள் தலைவலி என்றால், 2024 ஜூலையிலிருந்து நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவுப்படி, தனிப்புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே மாஜிஸ்ட்ரேட் உங்களைக் கேட்க வேண்டும். அந்த நோட்டீஸை அலட்சியம் செய்யாமல் போய் நில்லுங்கள். அதையும் தாண்டிப் போனால் 528ஆம் பிரிவில் ரத்து கேட்டு உயர் நீதிமன்றம், பழைய 482தான் அது.

## பேசி முடிப்பது

கேட்டதும் கோபம் வரும். "ஜெயிச்சவன் நான், நான் எதுக்குப் பேசணும்?" நியாயம்தான். கேட்டதைக் கொடுத்தால் இன்னும் கேட்பார் என்ற பயமும் நியாயம்தான்.

ஆனால் ஏழு முறை தோற்றவருக்குள் சில சமயம் தீராத ஒரு நிஜக் குறை உட்கார்ந்திருக்கும். அளவையில் இரண்டு சென்ட் தவறிப்போயிருக்கும். கோர்ட்டில் அவர் வக்கீல் அதைக் கேட்கவே இல்லாமல் வேறு எதையோ கேட்டிருப்பார். அப்படி ஏதாவது உண்டா என்று நடுவில் நிற்கும் ஒரு பெரியவரை வைத்துக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. முடிந்தால் லோக் அதாலத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே போடும் அவார்டுக்கு அப்பீல் கிடையாது, டிக்ரி மாதிரியே நிறைவேற்றலாம். வெறும் வெள்ளைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட சமரசம் அடுத்த வழக்குக்கு ஓர் ஆவணமாகத்தான் ஆகும். கையெழுத்து அவர் மட்டும் போட்டால் போதாது. இதுவரை யார் யார் பெயரில் வழக்கு வந்ததோ எல்லோரும் போட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | யார் போடலாம் | எது நிற்கும் | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருத்தம் |
|---|---|---|---|---|
| கேவியட் | நீங்கள் | ஒருதலைப்பட்சத் தடையாணை | 90 நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பு | அடுத்த வழக்கு வரும் வாடை அடிப்பவர் |
| ஆர்டர் 7 ரூல் 11 | நீங்கள் | இந்த வழக்கு | தோற்றால் சி.ஆர்.பி. தாமதம், ஜெயித்தாலும் புதுப் பிராது வரலாம் | பிராதிலேயே ஓட்டை தெரிபவர் |
| முன்தீர்ப்புத் தடை | நீங்கள் | இந்த வழக்கும் இதே பிரச்சினையும் | சான்றிட்ட நகல்கள், காத்திருப்பு | அதே தகராறு வேறு பெயரில் வருபவர் |
| 227 | நீங்கள் | இந்த வழக்கு | உயர் நீதிமன்றச் செலவு, திருப்பி அனுப்பப்படும் ஆபத்து | அப்பட்டமான மோசடியில் சிக்கியவர் |
| 35ஏ, 95 | நீங்கள் | எதுவும் நிற்காது. பதிவு உருவாகும் | வசூல் அலைச்சல் | எல்லோரும், பதிலுரையிலேயே |
| 1949 சட்டம் | தலைமை வழக்கறிஞர் மட்டும் | ஆள் | நீண்ட காத்திருப்பு, பினாமி வழக்கு | பலரை, பல கோர்ட்டில் இழுப்பவரிடம் மாட்டியவர் |
| சமரசம் | இருவரும் | தகராறு | மேலும் கேட்கும் ஆசை | உள்ளே நிஜக் குறை இருந்தால் |

## எந்த வரிசையில்

பங்காளி, வண்டிப்பாதை ரகம் என்றால் கேவியட், பதிலுரையில் 35ஏ ஆட்சேபம், முன்தீர்ப்புத் தடை. பிராதில் காலவரம்பு ஓட்டை இருந்தால் மட்டும் ரூல் 11. தலைமை வழக்கறிஞர் வீட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

உங்கள் தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் மீதும், கவுன்சிலர் மீதும், இரண்டு வக்கீல்கள் மீதும் வழக்கு போட்ட ஒருவரிடம் மாட்டியிருந்தால், தனியாகப் போராடாதீர்கள். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாக எழுதுங்கள். 1949 சட்டத்துக்கு உயிர் வருவது அப்போதுதான்.

எந்த வழியானாலும், வக்கீலைப் பார்க்கும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் தரப்பினர் பெயரைப் போட்டுத் தேடினால் மாவட்ட நீதிமன்ற வழக்குகள் வரும், இலவசம்தான். பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். ஒரே ஆள் ஒரு கோர்ட்டில் ஒரு மாதிரியும் இன்னொரு கோர்ட்டில் வேறு மாதிரியும் பதிவாகியிருப்பார். வழக்கு எண், கோர்ட், வருடம், யார் பெயரில், என்ன கோரிக்கை, எப்படி முடிந்தது என்று ஆறு பத்தி கோடு போட்டு எழுதுங்கள். கடைசிப் பத்தியை மட்டும் அவசரமாக நிரப்பாதீர்கள். "தள்ளுபடி" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் பிரயோசனமில்லை. விசாரித்துத் தள்ளுபடியா, வாதி வராமல் தள்ளுபடியா, அன்று நீங்கள் ஆஜரா, புதிய வழக்கு போடும் உரிமையோடு திரும்பப் பெற்றாரா என்று தனித்தனியாக எழுதுங்கள். அப்படி உரிமையோடு திரும்பப் பெற்ற வழக்கை உங்கள் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அது கோர்ட்டே அனுமதித்துக் கொடுத்த மறுவருகை.